தோட்டமும் தாமானும்

'தாமான்' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பூங்கா, தோட்டம் என்பன பொருள். பால்மரக் காடுகளையும் தமிழர் 'தோட்டம்' என்றே வழங்கினர். ஆகவே, மலேசியத் தமிழ்க் குடும்பம் ஒன்று தோட்டத்தை விட்டுத் தாமானில் குடியேறும்போது, சொல்லளவில் அது ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கே செல்கிறது. மொழி செய்யும் வேடிக்கைகளுள் இதுவும் ஒன்று. ஆயினும், பெயரால் ஒன்றாகிய இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு, தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஒரு முற்பகலில் கடந்துவிடக் கூடியதன்று. கையில் சிறு குழந்தை உள்ள குடும்பத்திற்கோ அது இன்னும் நீண்டது.

மலாக்கா மாநிலத்தின் அலோர்காஜா வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 1992ஆம் ஆண்டில் அவ்வாறு புறப்பட்டது ஒரு குடும்பம். கணவர், மனைவி, நான்கு வயது மகள், கணவரின் தாயார் என நால்வர். கணவருக்குப் பத்து பெரண்டாமில் உள்ள தடையற்ற வாணிக வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. 1970களில் தொடங்கப்பெற்ற அவ்வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகள், சுற்றுப்புறத் தோட்டங்களில் வளர்ந்த இளைஞரையும் இளம்பெண்களையும் பேருந்து அனுப்பி அழைத்துக்கொண்ட காலம் அது. மனைவி பதினாறு வயதிலிருந்து பால்மரம் சீவியவர். பாட்டியோ, அதே தோட்டத்தில் பிறந்து, அங்கேயே மணமாகி, அங்கேயே கணவனைப் புதைத்தவர்.

அவர்கள் ஏன் புறப்பட்டனர் என்பதைக் கூறுமுன், எதைவிட்டுப் புறப்பட்டனர் என்பதைக் கூறுதல் வேண்டும். தோட்டம் என்பது மரக்காடு மட்டுமன்று. அஃது ஒரு முழு ஊர். லயத்து வீடுகள் வரிசையாக நிற்கும். ஒரு கோடியில் மாரியம்மன் கோயில், மறுகோடியில் கள்ளுக்கடை, நடுவே பெரட்டுக்களம். மருந்தகம் உண்டு, ஆயாக் கொட்டகை உண்டு, பள்ளியும் உண்டு. பள்ளி வந்ததுகூட முதலாளிகளின் அருளால் அன்று. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. அதனை ஒட்டிய ஏற்பாடுகள் பிற பகுதிகளிலும் பரவின. பள்ளி என்ற பெயரில் எத்தனையோ ஓலைக் கொட்டகைகள் எழுந்தன. கிராணியோ கங்காணியோ ஆசிரியராக இருந்த பள்ளிகளும் இருந்தன. இன்று ஓடு வேய்ந்தும் மாடி கட்டியும் நிற்கும் பல தமிழ்ப்பள்ளிகளின் வேர் அந்தக் கொட்டகைகளில்தான் இருக்கிறது.

விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய், உறங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். அங்கே உத்தரத்திலிருந்து ஏணைகள் தொங்கும். மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலில் அவள் திரும்பும்வரை குழந்தை அங்கேயே இருக்கும். கொட்டகையில் ஒருவரோ இருவரோதான் ஆயாக்கள். ஆயினும் வழியெங்கும் கண்கள் இருந்தன. லயத்துப் பிள்ளை ஒன்று கால்வாய்ப் பக்கம் தனியே சென்றால், அதன் தாய் யார், தகப்பன் யார், பாட்டி எந்த லயத்தில் இருக்கிறாள் என்பதெல்லாம் பார்ப்பவர் எவருக்கும் தெரியும். 'ஏய், இன்னார் மகளே, அங்க எங்க போற?' என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்குக் கூலி இல்லை. கணக்குப் புத்தகத்தில் பதிவும் இல்லை.

இதைச் சொல்லும்போது தோட்டத்தை ஒரு பொற்காலமாகப் பாடிவிடக் கூடாது. ஓர் அறையும் ஒரு திண்ணையும் கொண்ட வீட்டில் எட்டுப் பேர் படுத்தனர். ஒரு லயத்திற்கு ஒரே குழாய். கள்ளுக்கடை எத்தனை வீட்டு அடுப்புகளை அணைத்தது என்பதை அந்த வீடுகளின் பெண்கள் அறிவர். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பால்வாளி தூக்கிய பிள்ளைகளோ எண்ணிலடங்கார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வளவு பெரிய ஊரில் தொழிலாளிக்குச் சொந்தமானது ஒன்றுமில்லை. வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். நாற்பது ஆண்டு உழைத்தவரும் ஓய்வு பெற்றவுடன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யும் மகனோ மகளோ இருந்தால் அவர்களோடு ஒண்டிக்கொள்ளலாம். 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தனர். தொழிலாளரே சிறு தவணைகளில் பங்குப் பணம் செலுத்தித் தோட்டங்களை வாங்குவதற்காகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் காரணம் இதுவே. அச்சங்கம் சில தோட்டங்களைக் காத்தது. எல்லாத் தோட்டங்களையும் காத்துவிட எந்தச் சங்கத்தாலும் இயலவில்லை.

அக்குடும்பம் வாழ்ந்த தோட்டத்தில் பால்மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியதில்லை. லயங்களில் ஒன்றுவிட்டு ஒன்று பூட்டிக் கிடந்தது. ஆயாக் கொட்டகையில் நான்கு பிள்ளைகளே எஞ்சினர். பின்னர் அதுவும் மூடப்பட்டது. அதன்பிறகே அக்குடும்பம் புறப்பட முடிவு செய்தது. வறுமையினும் வெறுமை அவர்களை விரைந்து விரட்டியது எனலாம்.

வீடு தேடும் படலம் தொடங்கியது. வாங்குவதற்கு அன்று பணம் இல்லை. முதலில் வாடகைக்கு எடுத்து, ஓரிரு ஆண்டுகள் இருந்து பார்த்து, பிறகு ஊழியர் சேமநிதியைக் கொண்டு வாங்கலாம் என்பது திட்டம். அஃது அறிவுடைய திட்டமே. குடியிருந்து பாராமல் ஓர் இடத்தின் இயல்பை எவரும் அறிய முடியாது. கணவர் மூன்று வீடுகளைக் கண்டு வந்தார். முதலாவது, தொழிற்சாலைக்கு மிக அண்மையில், முனைமனை வீடு, பக்கவாட்டில் நிலம் உண்டு, மூன்று அறைகள். இரண்டாவது, நகரத்து அடுக்குமாடியின் நான்காம் மாடி, வாடகை மிகக் குறைவு, மின்தூக்கி கிடையாது. மூன்றாவது, பாயா ரும்புட்டில் ஒரு மலிவு விலை வரிசை வீடு, இரண்டே அறைகள், இருபுறமும் சுவரோடு சுவர் ஒட்டியது. 1982ஆம் ஆண்டு தொடங்கி 1998 வரையில் மலிவு விலை வீடுகளின் உச்ச விலை 25,000 வெள்ளி என அரசு வரையறுத்திருந்தது. அந்த விலைக்குள் நிலம், சுவர், கூரை, கால்வாய் எல்லாம் அடங்க வேண்டுமாகையால், அவ்வீடுகள் எவ்வளவு அகலம் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கணவரின் மனம் முனைமனை வீட்டில் இருந்தது. அவர் காரணங்கள் அனைத்தும் நேர்மையானவை. தொழிற்சாலை அருகில், இரவு வேலை முடிந்து ஐந்து நிமிடத்தில் வீடு சேரலாம், நிலத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைக்கலாம், பின்னால் வாங்கினாலும் விலை ஏறும். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார். வீடு பார்க்கச் செல்லும் ஆடவர் யாவரும் செய்வது இது. மனைவி வீட்டுக்குள் அதிக நேரம் நிற்கவில்லை. வாசலில் நின்று தெருவைப் பார்த்தார்.

மூன்று இடங்களுக்கும் மாலை ஆறு மணிக்குச் சென்று பார்க்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பகலில் எல்லாத் தெருவும் ஒன்றுபோல்தான் இருக்கும். பெரியவர்கள் வேலையில், பிள்ளைகள் பள்ளியில். மாலையில்தான் தெரு தன் முகத்தைக் காட்டும் என்பது அவர் கணக்கு. கணவரின் மோட்டாரின் பின்னால், மகளை நடுவில் அமர்த்திக்கொண்டு, மூன்று மாலைகள் சென்றார். முனைமனை வீட்டுத் தெருவில் கதவுகள் சாத்தியிருந்தன. வேலை முறை மாறும் இடமாகையால் பாதிப் பேர் உறங்கினர். பாதிப் பேர் புறப்பட்டுக் கொண்டிருந்தனர். தெருவில் வண்டிகள் இருந்தன, பிள்ளைகள் இல்லை. நகரத்து மாடியில் பிள்ளைகள் நிறைய இருந்தனர். ஆனால் அவர்கள் கீழே, தாய்மார் நான்காம் மாடியில். கீழே ஒரு பிள்ளை விழுந்தால், மேலிருந்து அழுகுரலை அடையாளம் கண்டுகொண்டு படியிறங்கி வருவதற்குள் என்னென்ன நேரும் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். படிகளை ஒரு முறை ஏறி இறங்கியதோடு சரி. பிறகு அந்த வீட்டைப் பற்றிப் பேசவில்லை.

பாயா ரும்புட்டுக்கு அவர்கள் சென்ற மாலை மழை பெய்தது. செங், சுங்கை ஊடாங் முதலிய இடங்களுக்கு அண்மையில், மலாக்கா நகருக்கு வடமேற்கே அமைந்தது அச்சிற்றூர். 'பாயா' எனில் சதுப்பு நிலம். 'ரும்புட்' எனில் புல். புல் முளைத்த சதுப்பு என்பது ஊரின் பெயரிலேயே இருக்கிறது. பெயரை அறிந்தவர் அங்கு வீடு பார்க்க மழை நாளையே தேர்வர். மனைவி அப்படி அறிந்து செல்லவில்லை. தற்செயலாகவே மழையில் மாட்டிக்கொண்டார். ஆயினும் அந்த மழை அவருக்கு உதவியது. தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவு ஏறி, அரைமணியில் வடிந்தது. வாசற்கால்வாய்களின் மேல் பலகையோ சிமிந்திப் பாளமோ போடப்பட்டிருந்தது. பின்வரிசையில் ஓடிய பெரிய கால்வாய் மட்டும் திறந்து கிடந்தது. அதை அவர் குறித்துக்கொண்டார். மழை விட்டதும் கதவுகள் திறந்தன. பிள்ளைகள் தெருவுக்கு வந்தனர். வாசல்தோறும் கிடந்த செருப்புகளை அவர் எண்ணியதாகப் பின்னாளில் மகளிடம் கூறியிருக்கிறார். சிறு செருப்புகள் கிடந்த வாசல்கள் எத்தனை. அவற்றுள் மாவிலைத் தோரணம் கட்டிய வாசல்கள் எத்தனை. தோரணம் கட்டியவை நான்கு.

தமிழில் 'அயல்' என்னும் சொல் எண்ணிப் பார்க்கத்தக்கது. அண்டை அயலார் என்னும்போது அது பக்கத்து வீட்டுக்காரரைக் குறிக்கிறது. அயல்நாடு, அயலவர் என்னும்போது அது நமக்கு வேறானவரைக் குறிக்கிறது. மிக நெருங்கியவரையும் மிக விலகியவரையும் ஒரே சொல்லால் குறித்த முன்னோர், சுவருக்கு அப்பால் இருப்பவன் இரண்டில் எதுவாகவும் ஆகலாம் என்பதை அறிந்தே வைத்தனர் போலும். தோட்டத்தில் இந்த ஐயத்திற்கு இடமில்லை. அங்கே அயல் என்பது பிறக்கும்போதே வாய்த்தது. தாமானில் அது தேடிக்கொள்ள வேண்டியது. வீட்டை வாடகைக்கு எடுக்கலாம். அயலை எடுக்க முடியாது.

பள்ளி என்னும் செய்தியும் அவர் மனத்தில் இருந்தது. மகளுக்கு ஏழாம் வயதில் பள்ளி. பாயா ரும்புட்டில் அவ்வூரின் பெயரையே தாங்கிய தமிழ்ப்பள்ளி உண்டு. முனைமனை வீட்டிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குச் செல்ல வேண்டுமாயின் வேன் வைக்க வேண்டும். மலாக்கா மாநிலம் முழுமைக்கும் தமிழ்ப்பள்ளிகள் இருபத்தொன்றே. மாநிலத்து மக்களுள் இந்தியர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இத்தகைய இடத்தில், வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள கல் தொலைவு, ஒரு பிள்ளை எந்த மொழியில் கணக்குப் போடக் கற்கும் என்பதைப் பல வீடுகளில் முடிவு செய்துவிடுகிறது. பெற்றோர்க்கு மொழிப்பற்று இல்லாமையால் அன்று. காலை ஏழு மணிக்கு வேலைக்கு ஓடும் வீட்டில் வேனுக்குக் காசும், வேனுக்காகக் காத்திருக்க ஆளும் இல்லாமையால். மொழிப்பற்றைப் பற்றி மேடையில் பேசுவோர் இந்தச் சிறு கணக்கைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

மலாக்கா இதற்குப் பழைய சான்று ஒன்றையும் வைத்திருக்கிறது. காஜா பேராங் பகுதியில் வாழும் மலாக்காச் செட்டிகள், மலாக்கா அரசின் காலத்தில் வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய தமிழரின் வழித்தோன்றல்கள். பொங்கலும் போகியும் மாரியம்மன் வழிபாடும் அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கின்றன. வீட்டில் பேசும் மொழி மட்டும் மலாய். இதைக் குறையாகச் சொல்வது முறையன்று. சில நூறு ஆண்டுகள் கடல் கடந்து வாழ்ந்தும் கோயிலைக் கைவிடாத மக்கள் அவர்கள். ஆயினும், கோயில் தெருவில் இருந்தது. மொழிக்கென ஓர் இடம் தெருவில் இல்லாமற் போயிற்று. ஓர் அயலில் எது இருக்கிறதோ அது தங்குகிறது.

மனைவி இவ்வளவையும் எண்ணினார் என்று கூறுவதற்கில்லை. அவர் சொன்னது மிகச் சுருக்கம்.

"ஏங்க, வீடு சின்னதா இருந்தா ஒட்டிப் படுத்துக்கலாம். பாப்பா தெருவுல விழுந்தா தூக்கிவிட யாராச்சும் வேணும்ல?"

"எனக்குத் தூரம்" என்றார் கணவர். "நைட் வேலை முடிஞ்சு அவ்ளோ தூரம் மோட்டார்ல வரணும்."

"ஃபேக்டரி பஸ் வருதாம். அந்தத் தோரணம் கட்டுன வீட்டு அக்காகிட்ட கேட்டுட்டேன்."

பாட்டியை எவரும் கேட்கவில்லை. இது பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

குடிபுகுந்த இரண்டாம் வாரத்தில் அது நேர்ந்தது. மனைவி தொழிற்சாலை ஒன்றில் வேலை கேட்டுச் சென்றிருந்தார். பாட்டி பிற்பகலில் சற்றே கண்ணயர்ந்தார். தெருவில் ஐஸ்கிரீம் விற்பவரின் மோட்டார் மணியடித்துச் சென்றது. சிறுமி இரும்புக் கதவின் கொக்கியை எட்டி நீக்கிவிட்டு, மணியோசையின் பின்னே நடந்தாள். பாட்டி விழித்தபோது கதவு திறந்து கிடந்தது. தோட்டமாயிருந்தால் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்திருப்பார். லயம் முழுவதும் அதற்கு மறுகுரல் கொடுத்திருக்கும். இங்கே அவர் பேத்தியின் பெயரைச் சொல்லிக் கூவினார். எந்தக் கதவும் திறக்கவில்லை. அந்த நேரத்தில் திரும்பிய மனைவி, முதலில் ஓடியது பின்வரிசைக் கால்வாய்க்கு. பின்னர்த் தோரணம் கட்டிய நான்கு வீடுகளுக்கும் ஓடினார். மூன்றில் பூட்டு, ஒன்றில் தெரியாது என்ற விடை.

சிறுமி தெருக்கோடியில், பெருஞ்சாலைக்குத் திரும்பும் முனையில், ஒரு மலாய் மூதாட்டியின் வீட்டு முன்புறத்தில் அமர்ந்து வாழைப்பழப் பலகாரம் தின்றுகொண்டிருந்தாள். சாலையை நோக்கி நடந்த பிள்ளையை அந்த அம்மையார் கண்டு, கையைப் பற்றி அழைத்து வந்திருக்கிறார். எந்த வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தமிழ் வராது. சிறுமிக்கு மலாய் வராது. வீடு எங்கே என்று சைகையால் கேட்டதற்குச் சிறுமி தன் பழைய தோட்டத்தின் பெயரைச் சொன்னாளாம். வீடு வீடாக அலைந்தால் தேடி வருபவரைத் தவற விட நேரும் என்றெண்ணி, அந்த அம்மையார் தெருவில் எவர் வந்தாலும் கண்ணில் படும்படி முன்புறத்தில் பாயை விரித்து, பிள்ளையை அமர்த்தி, தாமும் அருகே அமர்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறார். அடுப்பில் வைத்தது கரிந்து போயிற்று.

வீடு பார்க்க வந்த மாலையில் மனைவி தோரணங்களை எண்ணினார், செருப்புகளை எண்ணினார். முன்புறத்தில் அமர்ந்து தெருவைப் பார்த்துக் கொண்டிருந்த அந்த மூதாட்டியை அவர் எண்ணவில்லை. இது குற்றமன்று. தன் மொழி பேசுவோர் அருகில் இருந்தால் பிள்ளை காப்பாற்றப்படும் என்று எண்ணுவது எவருக்கும் இயல்பே. ஆனால் அந்த நான்கு வீட்டாரும் பகலில் வேலைக்குச் செல்பவர்கள். பிற்பகல் மூன்று மணிக்குத் தெருவில் கண்ணோடு இருப்பவர் யார் என்பது வேறு கேள்வி. வீட்டை மாலையில் பார்த்தால் மட்டும் போதாது என்பதை அவர் அன்று கற்றார்.

பாட்டியோ அந்நாளிலிருந்து குன்றிப் போனார். பிள்ளையைத் தவற விட்ட குற்றவுணர்வு ஒருபுறம். ஆனால் அது மட்டுமன்று. லயத்தில் அவர் எவ்வீட்டுத் திண்ணையிலும் சென்று அமரலாம். எவருக்குப் பிரசவம், எவருக்குக் காய்ச்சல், எவர் வீட்டில் சண்டை என்பதெல்லாம் அவரைக் கேட்காமல் நடக்காது. இங்கே பகல் முழுவதும் இரும்புக் கதவுக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். மருமகளிடம் ஒரு நாள், "தாயி, எனக்கு இங்க வெளிச்சமே போதல" என்றார். வீட்டில் வெளிச்சத்திற்குக் குறைவில்லை. நான்கு மாதம் கழித்து, தோட்டத்தில் இன்னும் வேலையிலிருந்த தங்கையின் குடும்பத்தோடு இருப்பதாகச் சொல்லித் துணிமூட்டையோடு புறப்பட்டுவிட்டார்.

குழந்தைக்காகத் தேர்ந்த இடத்தில் முதியவர்க்கு இடமில்லாமற் போனது எப்படி? தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றில் இதுவே நிகழ்ந்தது. பள்ளி, வேலை, வாடகை, சாலை என்று எல்லாவற்றையும் எண்ணியவர்கள், பகல் முழுவதும் அந்த இடத்தில் உண்மையாக வாழப்போகிறவர் கிழவிதான் என்பதை எண்ண மறந்தனர். அவரே குழந்தையின் ஆயாக் கொட்டகையாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தனர். ஒரு கொட்டகைக்குச் சுற்றிலும் ஒரு தோட்டமே துணையிருந்தது என்பது மறந்து போயிற்று.

பாட்டி சென்றபின் மனைவி வேலைக்குச் செல்வது எப்படி என்ற சிக்கல் எழுந்தது. தெருக்கோடி அம்மையாரே முன்வந்தார். அதற்குள் அவர் அவ்வீட்டில் 'மக்சிக்' ஆகிவிட்டிருந்தார். கணவர் தயங்கினார். தயக்கத்தின் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். மக்சிக் அதை அவர் முகத்தில் படித்தார் போலும். மாட்டிறைச்சி சமைக்கும் நாளில் பிள்ளைக்கு வேறு சட்டியில் முட்டை பொரித்துத் தருவதாகத் தாமே சொன்னார். மனைவி அந்த மாதமே தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார். செய்தி தோட்டத்திற்கு எட்டியபோது பாட்டி, "எம் பேத்திக்கு நான் இல்லாமலே ஆயாக் கொட்டகை கெடைச்சிருச்சா?" என்று கேட்டாராம். அவர் மகிழ்ந்து கேட்டாரா, நொந்து கேட்டாரா என்பது கேட்டு வந்தவருக்கு விளங்கவில்லை.

ஈராண்டில் அந்த லயமும் காலியாயிற்று. பாட்டி திரும்பி வந்தார். 1995ஆம் ஆண்டு சனவரியில் சிறுமி முதலாம் வகுப்பில் சேர்ந்தாள். பள்ளி நடக்கும் தொலைவில் இருந்ததால், காலையில் பேத்தியைக் கொண்டுபோய் விடுவதும் பள்ளி விடும் நேரத்தில் அழைத்து வருவதும் பாட்டியின் வேலை ஆயிற்று. பள்ளி விடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே அவர் புறப்பட்டுவிடுவார். வாயிலருகே மரநிழலில் வேறு சில கிழவிகளும் அப்படியே முன்னதாக வந்திருப்பார்கள். தெபோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர், காடேக் பக்கத்திலிருந்து ஒருவர், எந்தத் தோட்டம் என்று கேட்டால் அழுதுவிடும் ஒருவர். வெற்றிலைப் பை திறக்கப்படும். இடம் தேர்ந்தபோது பள்ளி பிள்ளைக்கென்று கருதப்பட்டது. அது பாட்டிக்கும் பெரட்டுக்களமாக அமைந்ததை எவரும் திட்டமிடவில்லை.

நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. தோட்டத்தில் மாணவர் குறைந்து, பள்ளியின் உரிமத்தை மட்டும் எடுத்துச் சென்று ஏதேனும் ஒரு தாமானருகே புதுக் கட்டடம் எழுப்பிய பள்ளிகள் பல. நூற்றைம்பதுக்கும் குறைந்த மாணவர் கொண்ட பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி எனக் கணக்கிடப்படுகிறது. தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவை அவ்வகையின. மக்கள் எங்கே செல்கின்றனர் என்று பள்ளிகள் தேடுகின்றன; பள்ளி எங்கே இருக்கிறது என்று மக்கள் தேடுகின்றனர். இருசாராரும் ஓரிடத்தில் சந்தித்தால் அது நற்பேறு. பல இடங்களில் பள்ளி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம், நடுவே வேன்.

கொக்கியை எட்டி நீக்கிய அந்தச் சிறுமிக்கு இன்று ஐந்து வயது மகன் இருக்கிறான். தாயும் தந்தையும் பாயா ரும்புட்டின் அதே வரிசை வீட்டில் வாழ்கின்றனர். சேமநிதியைக் கொண்டு வாங்கி, பின்பக்கம் ஓர் அறை கூட்டிக் கட்டியது. மகளுக்கும் மருமகனுக்கும் சொந்த வீடு வேண்டும். அவர்கள் அண்மையில் பார்த்து வந்தது சுற்றுச்சுவரும் காவலும் உள்ள ஒரு புதிய தாமான். வாயிலில் நேப்பாளக் காவலர் ஒருவர் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பத்தை உயர்த்துகிறார். உள்ளே சாலை அகலம். கால்வாய்கள் யாவும் மூடியவை. திடலில் ஊஞ்சலும் சறுக்கு மரமும் புதியன. பெருஞ்சாலைக்கு எந்தப் பிள்ளையும் தனியே சென்றுவிட முடியாது.

மருமகன் சுவரைத் தட்டிப் பார்த்தார். மகள் வாசலில் நின்றாள். மாலை ஆறு மணி. தானியங்கிக் கதவுகள் திறந்து வண்டிகளை உள்ளே வாங்கிக்கொண்டு மூடின. ஊஞ்சலில் எவரும் இல்லை. செருப்புகள் கதவுகளுக்கு உள்ளே இருந்தன போலும். எண்ணிப் பார்க்க ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும்போது அவள் வாயிற்காவலரிடம், பிற்பகலில் இங்கே யார் இருப்பார்கள் என்று மலாயில் கேட்டாள். அவர் கேள்வியைச் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "நான்தான்" என்றார்.

வீட்டில் தாயிடம் இதைச் சொன்னபோது தாய் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காவலருக்கு எந்த நேரத்தில் வேலை மாறுகிறது என்று மட்டும் கேட்டார். முன்பணம் இன்னும் கட்டப்படவில்லை.